பள்ளத்து வயலுக்கு டிராக்டர் வேண்டாம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், மாடுகளும் நலம், பள்ளத்துப் புல்வயலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிராக்டரோடு உதவிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். தங்கள் பெரிய மனசுக்கு நன்றி. வர வேண்டாம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள், கோபப்பட இடுப்பில் தெம்பில்லை. அறுத்த புல்லை ஏற்றுவதற்காக அன்று ஈர வயலில் நீங்கள் டிராக்டரை இறக்கி, அது அச்சு வரை புதைந்து, இழுக்க வந்த இன்னொரு டிராக்டரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ள, வயல் முழுக்க முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடம். ஒன்பது நாள் கூடை கூடையாக மண் கொட்டி நிரவி விதை தூவினோம். மறுநாளே மழை. தாழ்ந்த நிலமல்லவா, விதையெல்லாம் மிதந்துபோய்க் கீழ் மூலையில் ஒதுங்கிவிட்டது. அங்கே முளைத்தது கோழிகூட நுழைய முடியாத அடர்த்தி, மீதி வயல் என் வழுக்கைத் தலையைப் போல இருந்தது. வடிகால் வெட்டி மறுபடி தூவினோம். விதையை அழுத்த உருளை வேண்டும், உருளையை இழுக்க டிராக்டர் வேண்டும், அந்தப் பேச்சையே இந்த வீட்டில் எடுக்க முடியாது. ஆகவே நான், உங்கள் அத்தை, இங்கே வந்திருக்கும் உங்கள் மனைவி மூவரும் காலில் பலகை கட்டிக்கொண்டு வரிவரியாக மிதித்தோம்.

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல என்னை வெளிய கூட்டிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்றாள் உங்கள் அத்தை.

"எல்லாம் அவரால வந்தது" என்றாள் உங்கள் மனைவி. மூன்று வாரமாக உங்கள் போனை அவள் எடுக்காததற்கும் அதுவே காரணம்.

இப்போதுதான் முளை ஊசி ஊசியாகத் தலைகாட்டுகிறது. கோடைக்குள் ஒரு அறுப்பாவது கிடைக்காவிட்டால் நாலு மாட்டில் இரண்டை விற்கத்தான் வேண்டும். முளைமேல் குருவி உட்கார்ந்தாலே நெஞ்சு பதறுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுநாள் சாலையிலேயே வண்டி ஓட்ட ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "'ரெண்டு நாள் காயட்டும் மாமா'ன்னு மாப்பிள்ளை கெஞ்சினாரே, 'நான் பார்க்காத ஈரமா, இறக்குங்க'ன்னு விரட்டினது யாரு? நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இத்தனை நாள் பார்த்தேன்" என்றாள். நான்தான். நீங்கள் இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. சற்றுமுன் மகளிடம் ஒப்புக்கொண்டேன். இனி உங்கள் போனை எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், இந்த வீட்டில் என்னோடு பேச ஒரு ஆள் வேண்டும்.