நானூறு பேரைத் தள்ளிவிட்ட நிபந்தனை

வாசகரே, 'ரூல் போட்டாச்சு' மனிதரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கணினி நுழைந்த எந்த அலுவலகத்திலும் ஒருவர் முளைத்திருப்பார். தொண்ணூற்றாறில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்கு விநாயகமூர்த்தி என்பவர் வாய்த்தார்.

ஒரு பதிவு கணினிக்குள் நுழையும்போது நிபந்தனை வைப்பது எல்லோரும் செய்வதுதான். வயது பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று போட்டுவிட்டு மற்றவர்கள் தே தாரிக் குடிக்கப் போவார்கள். இவர் போவாரா? நிபந்தனைக்குள்ளேயே, தாமே எழுதிய ஒரு பங்ஷனை, அதாவது ஒரு குட்டி நிரலை, உட்கார வைத்தார். யாராவது அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தால், அது டாக்டர்கள் பட்டியலுக்கு ஓடி, இந்த டாக்டர் உண்டா, அன்று லீவா, கண்ணை அறுப்பவரா, கண்ணாடி எழுதித் தருபவரா என்றெல்லாம் விசாரித்துவிட்டு வந்த பிறகுதான் பெயரை உள்ளே விடும். "ரூல் போட்டாச்சுலா. இனிமே ஒரு தப்பும் உள்ள வராது, பாஸ்!" என்று லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை டிஸ்க் செத்தது. நகல் இருந்தது; புது டிஸ்க்கில் ஏற்றினார். முதலில் ஏறப் போனது நோயாளிகள் பதிவு. டாக்டர்கள் பட்டியல் இன்னும் ஏறவில்லை; நோயாளிகள் ஏறி முடிந்த பிறகுதான் அது ஏறும். பங்ஷன் வழக்கம்போல ஓடிப்போய்ப் பார்த்தது. பட்டியல் காலி. டாக்டரே இல்லாத இடத்தில் நோயாளிக்கு என்ன வேலை? நானூறு பேரையும் ஒருவர் விடாமல் தள்ளிவிட்டது.

விநாயகமூர்த்திக்கு வருத்தமா? "பாத்தீங்களா, ரூல் எவ்ளோ ஸ்ட்ரிக்ட்டா வேலை செய்யுது!"

கவுண்டரில் சுங்கை வேயிலிருந்து வந்த இராஜம்மா நின்றிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நாள்.

"உங்க பேரு உள்ள இல்ல, ஆன்டி. டாக்டர் இல்லாம பேரு ஏறாது" என்றார் விநாயகமூர்த்தி.

"டாக்டர் பின்னாலதான நிக்கிறாரு, தம்பி? குரல் கேக்குதே."

"அவரும் இன்னும் உள்ள வரல, ஆன்டி."

நிபந்தனையைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் போதும் என்று கவுண்டரில் இருந்த ரமணி கெஞ்சினாள். "ரூலை எடுக்கிறதா? தப்பு உள்ள வந்துரும்லா!" கணினியில் பெயர் இல்லாதவரை அறுக்க நிர்வாகம் ஒப்பவில்லை. டாக்டர் மதியம்வரை இருந்துவிட்டு ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார். இராஜம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி மினி பஸ் ஏறினார். அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. அங்கேயே வேலை பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் முன் வந்து நின்ற யாரையாவது, நீங்களே கொடுக்க வேண்டிய ஒரு தாளைக் கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? அவசரப்பட்டு இல்லையென்று சொல்லாதீர்கள். முதலில் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.