கள்ள மந்து

நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கண் போகப்போகிறது என்று முழுமனதாக நம்பினேன். பேப்பரில் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. தள்ளிப் பிடித்தால் தெரிந்தது. மேலும் தள்ளிப் பிடிக்கக் கை நீளம் போதவில்லை. டாக்டரிடம் போனால் உறுதி செய்துவிடுவாரே என்ற பயத்தில், மாடி வீட்டுப் புளிப்பு சாரிடம் போனேன்.

எங்கள் பேட்டையான ஹப்சிகுடாவில் ஒரு பழம் புளிக்காமல் தப்பித்தால், அது புளிப்பு சார் பார்வையில் படவில்லை என்று அர்த்தம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையர் ஆனவர். அவர் பால்கனியில் துணி காய்ந்து யாரும் பார்த்ததில்லை, ஜாடிகள்தான் காயும். ஒரு ஜாடி வெடித்ததில் கீழே நின்ற வெள்ளைக் கார் ஒரு மழைக்காலம் முழுக்க ஊதாவாக ஓடியது.

"கைக்கு பயப்படறீங்க?" என்றார், 'எதுக்கு' என்பதை இந்த ஊர் உருதுவில். "நாவல்பழம் புளிக்கவெச்ச சாறு தர்றேன். அந்த ஊதா கண்ணுக்கு நல்லதாம். புளிச்சா இன்னும் நல்லதாம். படிச்சேன்."

படித்தது சோடாபுட்டிக் கண்ணாடி வழியாக என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் மாடியிலேயே குடித்தேன். மூன்றாம் நாள் வாட்ச்மேன் என் மனைவியிடம் பாட்டிலை நீட்டி, "சார் கள்ள மந்து, அம்மா" என்றான். தெலுங்கில் அது கண் மருந்து. ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்த கோமதி இந்த ஊரில் கற்ற தெலுங்கில், மந்து என்றால் ஒயின் ஷாப்பில் விற்பது. கள்ள என்பதற்கு அவளுக்குத் தெலுங்கே தேவைப்படவில்லை. மூடியைத் திறந்து மோந்தாள். வாசனையும் வாட்ச்மேன் பக்கமே சாட்சி சொன்னது.

"காலங்காத்தால கள்ளச்சாராயம். அதுவும் வாசலுக்கே வருதாக்கும்."

"அது கண்ணுக்கு, கோமதி."

"கண்ணு சொருகவா? நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். ஊதா.

பாட்டிலோடு மாடியேறினாள். உண்மை தெரிந்ததும் அவளைவிடக் கோபமாக இறங்கி வந்தவர் புளிப்பு சார்தான்.

"இன்னும் டாக்டரைப் பார்க்கலையா? நக்கோ சார், இது வேண்டாம். சாறு நல்லதுன்னேன். டாக்டர் வேண்டாம்னேனா?"

என்னை ஆட்டோவில் ஏற்றினார். வழியில், கோமதியைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவைத்தேன்.

டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்தார்: வெள்ளெழுத்து. படிக்கக் கண்ணாடி போட்டால் போதும்.

பரிசோதனைக்கு விட்ட சொட்டு மருந்தில், வெளியே வந்தால் உலகமே கூசி மங்கியது. புளிப்பு சார் என் கையைப் பிடித்து மெயின் ரோட்டைக் கடக்க வைத்தார். அந்த மங்கலிலும் அவர் விரல்களின் ஊதா தெரிந்தது. வீட்டு வாசல் வரை அவர் கையை விடவில்லை. நானும் விடவில்லை.