நாற்பத்தேழு செருப்பும் ஒரு சிரிப்புப் படமும்

எனக்கு எண்ணுகிற வியாதி உண்டு. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும்போது நான் அவர் மேஜையில் இருக்கும் பேனாக்களை எண்ணுவேன் (ஏழு, எழுதுவது ஒன்று). புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் கிணறு, ஆடு, மாடு, தென்னை என்று எண்ணியவன். வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்ணுவதை நிறுத்தச் சொல்லி இன்றுவரை ஆணை எதுவும் வரவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு பழைய சிரிப்புப் படத்தைக் கொடுத்து, குழந்தைகள் பார்க்கலாமா என்று கேட்டால் என்ன ஆகும்? உண்மையில் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்துப் பார்ப்பீர்கள். அது எனக்கு நல்லதல்ல.

சாரல் சீசன். குத்துக்கல்வலசையில் எங்கள் நகர்ப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயின் அருவிக்குக் கூட்டிப் போவதாக நலச்சங்கத்தில் முடிவு செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில், அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை என்று செய்தி வந்தது. பிள்ளைகள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி மீனு பள்ளி வேனிலேயே இதற்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டாள். துபாயிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டு ஹமீதிடம் புரொஜெக்டர் இருக்கிறது. சங்கத்துக்குத் தகரக் கூரை போட்ட ஹால் இருக்கிறது. வயிறு வலிக்கச் சிரித்ததாக என் மனைவி கோமதி அடிக்கடி சொல்லும் பழைய படம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் படம் என்று மீதி இருபத்தொரு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, போகிற போக்கில் என்னிடம் சொன்னாள்.

நான் சங்கச் செயலாளர். தணிக்கை செய்யாமல் ஒரு படத்தையும் ஹாலில் போட முடியாது என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்டாள். அந்த நிமிடத்திலிருந்து இருந்தது.

மீனு அழவில்லை. என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்று, "தாத்தா, நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னா திங்கக்கிழமை நான் எப்படி வேன்ல ஏறுவேன்?" என்றாள்.

அவள் மானம் என் கையில். நியாயமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். (அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும்.)

சனிக்கிழமை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போட்டு உட்கார்ந்தேன். வரிசை எண், நேரம், குற்றம், நடவடிக்கை. படம் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம். இரண்டு முறை பார்த்தேன். அடி பதினாறு. வழுக்கி விழுதல் ஒன்பது. பீடி ஐந்து. பொய், நாற்பத்து நான்கோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். பொய்யை எடுத்துவிட்டால் பெயர் போடுவது மட்டும்தான் மிஞ்சும். ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்துவிடும் கதை. இதில் உண்மைக்கு எங்கே இடம்?

பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமதி நான் நாலு தடவை சிரித்ததாகச் சொன்னாள். இருமினேன் என்றேன். பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"சமையக்காரன் பூசணிக்காய்ல வழுக்கி விழுதான், அதுக்கும் ஒரு கோடு. அந்தப் பொம்பள காப்பி ஆறிப்போச்சுன்னு புருசங்கிட்ட அறை வாங்குதா, அதுக்கும் ஒரு கோடு. ரெண்டும் ஒண்ணாங்க?"

இரண்டும் குற்றப் பட்டியலில்தானே வருகின்றன என்றேன். அவள் வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பத்தொரு வருட அனுபவத்துக்கு முன்னால் வேறு யாரும் இப்படி எழுந்து போனதில்லை.

கடைசியில் பத்தொன்பது காட்சிகளை மட்டும் வேகமாக ஓட்டிவிட்டுப் படத்தைக் காட்டலாம் என்று தீர்ப்பு எழுதினேன். மீனு நன்றி சொன்னாள். அதோடு விட்டிருந்தால் நான் மனிதன். விடவில்லை. பத்தொன்பது காட்சிகளையும் நிமிடம், வினாடியோடு தட்டச்சு செய்து, 'பெற்றோர் கவனத்திற்கு மட்டும்' என்று தலைப்பிட்டு, நகரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் நகரில் பெற்றோர் பெயரில் இருக்கும் போன்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் யார் கையில் இருக்கும் என்பதை நான் மட்டும்தான் கணக்கெடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நகர்ப் பிள்ளைகள் அனைவரும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு இன்னும் பதின்மூன்றாம் வாய்ப்பாடு வராது.

அறிக்கையின் கடைசிப் பத்தியை இங்கே அப்படியே தருகிறேன். 'இப்படத்தில் குழந்தைகள் பின்பற்றத் தகுந்த ஒரே பாத்திரம் மணப்பெண்ணின் பெரியப்பா. பொறுப்பானவர். எதையும் எண்ணிச் சரிபார்ப்பவர். இவர் வரும் காட்சிகளை முழுமையாகக் காட்டலாம்.'

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாகப் போனார்கள். உள்ளே இருபத்திரண்டு பிள்ளைகள், ஹமீது, நான். புளியறைப் பக்கமிருந்து காற்று சும்மா பிய்த்துக்கொண்டு வீசியது. ஒரு ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. அதன் கதவு படார் படார் என்று அடித்து வெளிச்சத்தை உள்ளே விட்டது. அதை ஏதோ செய்து அடைத்தேன். பிறகு வாசலுக்குப் போய், வழக்கம்போல, செருப்புகளை எண்ணினேன்.

நாற்பத்தேழு.

மறுபடி எண்ணினேன். நாற்பத்தேழுதான். இருபத்து நான்கு பேருக்கு நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். கணக்கு இடிக்கும்போது படம் ஆரம்பிப்பது எப்படி? திரைக்கு முன்னால் போய் நின்றேன். "யாரோ ஒத்தச் செருப்போட வந்திருக்கீங்க. யாருன்னு தெரியாம படம் கிடையாது" என்றேன்.

பிள்ளைகள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். மீனு என்னைப் பார்த்தாள். ஹமீது மெதுவாக, "அண்ணாச்சி, நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். நீங்க வந்து உக்காருங்க" என்றார். விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு, ரிமோட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் குற்றம் பதினோராவது நிமிடத்தில். ரிமோட்டை அழுத்தினேன். படம் வேகமாக ஓடியது. சாதாரண வேகத்தில் மாமனார் ஒரு அறை விடுவார், மாப்பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றுவார், அவ்வளவுதான். எட்டு மடங்கு வேகத்தில் அவர் பம்பரமாகச் சுற்றினார். இதைவிட வேடிக்கையான ஒன்றை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. ஹால் அதிர்ந்தது. அடுத்த குற்றம் நெருங்கியபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "ரெண்டு வருது" என்றது. நான் அழுத்துவதற்குள் மொத்த ஹாலும் "ரெண்டு" என்றது. மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் அப்படியே. அவர்கள் படம் பார்க்கவில்லை. என் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வந்த நல்ல காட்சிகளில் கொட்டாவி விட்டார்கள்.

ஒன்பதாவதில் மட்டும் சத்தம் வரவில்லை. காப்பி ஆறியதற்கு அறை வாங்கும் பெண். வேகமாகத்தான் ஓட்டினேன், ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. "அந்த அத்தைய எதுக்கு அடிக்காரு?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். என் நோட்டில் அந்தக் காட்சியின் வரிசை எண் இருந்தது, நேரம் இருந்தது, நடவடிக்கை இருந்தது. அவள் கேட்டதற்குப் பதில் போடக் கட்டம் இல்லை. வெண்டைக்காய்த் தட்டு நினைவுக்கு வந்தது.

அந்தச் சங்கடத்திலிருந்து என்னைக் காப்பாற்ற, ஒரு மணி இருபத்திரண்டாவது நிமிடத்தில் பெரியப்பா வந்தார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஆள்.

கல்யாண மண்டப வாசலில் பெரியப்பா நிற்கிறார். விருந்தாளிகளின் செருப்புகளை எண்ணுகிறார். அறுபத்து மூன்று. மறுபடி எண்ணுகிறார். அறுபத்து மூன்று. முகம் வெளிறி, நேரே மணமேடைக்குப் போய், தாலி கட்டப் போகிற கையைப் பிடித்து நிறுத்துகிறார். "யாரோ ஒத்தச் செருப்போட வந்திருக்கான். அது யாருன்னு தெரியாம முகூர்த்தம் கிடையாது."

படத்தை இரண்டு முறை பார்த்தவன்தானே, இது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். ஞாபகம் இருந்தது. ஆனால் அதைச் சிரிப்புக் காட்சி என்று நான் நினைக்கவே இல்லை. நிர்வாகம் என்று நினைத்திருந்தேன்.

ஹாலில் இருபத்திரண்டு தலைகளும் (எண்ணினேன்) திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பின. அருவியில் தடை நீக்கிய மாதிரி சிரிப்பு கொட்டியது. ஹமீது புரொஜெக்டருக்குப் பின்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை.

திரையில் பெரியப்பா ஒவ்வொரு விருந்தாளியின் காலாகப் பிடித்துப் பார்க்கிறார். அறுபத்து நான்காவது செருப்பு அவர் கக்கத்தில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துச் சுட்டிக்காட்டித்தான் மற்றவற்றை எண்ணியிருக்கிறார்.

அப்போது மீனு எழுந்தாள். எனக்காகப் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போனாள். கதவிடுக்கில் செருகியிருந்ததை இழுத்தாள். கதவு படாரென்று திறந்து வெளிச்சம் வந்தது. அவள் கையில் என் இடது கால் செருப்பு.

"தாத்தா, இங்கன இருக்கு. நீங்கதான வச்சீங்க?"

அதற்குப் பிறகு படத்தை யாரும் பார்க்கவில்லை. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டான். நான் வலது கால் செருப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி.

மீனு திங்கட்கிழமை வேனில் ஏறினாள். ஏறினாள் என்ன, ஏற்றிக்கொண்டு போனார்கள். படத்துக்கு ஈடாக ஒரு தாத்தாவையே கொண்டுவந்து காட்டியவளுக்கு ஜன்னல் சீட்டு ஒரு வாரத்துக்கு. மாலையில் என் நோட்டை வாங்கி, அதே நான்கு கட்டங்களுக்குக் கீழே அவளும் ஒரு தீர்ப்பு எழுதி வைத்தாள். கிழித்தெடுத்த அந்தப் பக்கம் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

'அந்த அத்தையை அடிக்கிறது நல்லா இல்லை. மத்தபடி இந்தப் படத்தை எல்லா வயசுப் பிள்ளைகளும் பார்க்கலாம். தாத்தா மட்டும் பெரியவங்க துணையோடு பார்க்கணும்.'

அன்றிலிருந்து இன்றுவரை, செய்தி பார்க்க நான் டிவியைப் போட்டால்கூட, அடுக்களையிலிருந்து கோமதி குரல் கொடுப்பாள்: "இருங்க, துணைக்கு வாரேன்."