துணைக்குப் போனவர்களின் கூட்டம்

தாமுவே,
ஞாயிறு மாலை.

மகா கனம் பொருந்திய மருமகப்பிள்ளை ஸ்டீவன் அவர்களுக்கு மாமனார் பாக்கியசாமி எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் உயிரோடிருக்கிறேன், மானம்தான் நேற்றோடு போய்விட்டது. என் மகள் லதாவும் தாங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன!

லைங் தாயாவில் தொழிற்சாலைப் பையன்களுக்குப் பால்வினை நோய் பற்றிச் சொல்லிக்கொடுப்பது உங்கள் உத்தியோகம், சந்தோஷம். அதை எங்கள் கோயில் ஆண்கள் சங்கத்துக்கும் இழுத்துவந்து, "டாக்டர் சொன்னாக் கேக்க மாட்டாங்க மாமா, கூட்டாளி சொன்னாக் கேப்பாங்க. ஒருத்தர ஒருத்தர் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாருங்க" என்று என்னைத் தலைவராக்கினீர்களே, என்ன அறிவு! சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆம்பளைக்கு எதுக்கய்யா துணை? அடுத்த ஞாயிறு எனக்கும் மக்தலேனா டீச்சருக்கும் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிப்பு. இந்தச் சம்பந்தத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று பூசையில் ஊரையே கேட்பார்கள். பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம் கழித்து அமைந்தது, கெட்டுவிடக் கூடாதே என்று, நேற்று தெரிந்த முகமே இல்லாத க்யிம்யிண்டைங் கிளினிக்குக்குத் தொப்பியும் முகக்கவசமுமாகப் போனேன்.

அங்கே சங்கமே உட்கார்ந்திருக்கிறது! அவர்களுக்கும் தெரிந்த முகம் இல்லாத இடம் அதுதானாம். எல்லாரும் தொப்பி, எல்லாரும் முகக்கவசம். ஆனால் ஈஸ்டருக்குச் சங்கத்தில் எடுத்துக்கொடுத்த ஒரே மாதிரிக் கட்டம் போட்ட கைலியை அத்தனை பேரும் கட்டிக்கொண்டு வந்தால் முகத்தை மூடி என்ன பிரயோசனம்? நானுந்தான் கட்டியிருந்தேன். உபதேசியார் அருள்ஜோதி, "சின்னத்தம்பிக்குத் துணையா வந்தேன்" என்கிறார். சின்னத்தம்பி, "யோவ், நான்தான்யா ஒமக்குத் துணை" என்கிறான். குழந்தைவேலு யாருக்கோ துணையாம், அந்த யாரோ வரவில்லையாம். நானும் துணைக்குத்தான் என்று சொல்லி வாய் மூடவில்லை, நர்ஸம்மா கதவைத் திறந்து, பர்மிய மரியாதை குறையாமல் "ஊ பாக்கியசாமி!" என்று படகுத்துறை வரை கேட்கக் கத்தினாள். அப்பாடி, அவர்கள் சிரித்த சிரிப்பு!

இன்று பூசை முடிந்து பார்த்தால், அதே வெட்கங்கெட்டவர்கள் கோயில் வாசலில் நின்று, "நான் பாத்துட்டேன், நீ எப்ப?" என்று போகிற வருகிறவனையெல்லாம் பிடித்துக் கேட்கிறார்கள். ஆணுறைப் பெட்டியைத் தாம்பூலப் பை மாதிரி கொடுக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே தலைவர் பதவியை ராஜினாமா செய்கிறேன். துணை, கூட்டாளி என்று இனி என் வாசல்படி ஏற வேண்டாம். லதாவுக்கு என் அன்பு. தங்களுக்கும் ஆசீர்வாதம் உண்டு, வயிற்றெரிச்சலோடு.

பாக்கியசாமி

பி.கு.: மக்தலேனா டீச்சர் இப்போதுதான் வந்துபோனார். "ஒங்க சங்கத்துல எல்லாரும் பாத்துட்டாங்களாமே. நானும் போன வாரமே பாத்துட்டேன். ஒங்க சீட்டக் காட்டுங்க, அப்புறம் ஓலை வாசிக்கட்டும்" என்கிறார். பேர் கூப்பிட்டதும் நான் பின்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டேன், மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது. சனிக்கிழமை துணைக்கு வாருங்களேன்.