ஜெராக்ஸ் அக்கா போட்ட ஏரி குரூப்

காஞ்சிபுரத்தில் யாரை யார் சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஆண்டவன் இல்லை. தாலுகா ஆபீஸ் எதிரே கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் அக்கா. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. என் பெயர், அப்பா பெயர், ரத்த வகை எல்லாம் அவருக்குத் தெரியும். நகலெடுக்கக் கொடுத்த தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பார்.

"இன்னாக்கா, அடுத்தவங்க பேப்பரைப் படிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிக்காம எடுத்தா தலைகீழா வந்துடும் சார்."

சில வருடங்களுக்கு முன், ஒரே வாரத்தில் மூன்று பேர் அவரிடம் வந்தார்கள். ஏனாத்தூர் தாண்டி இருக்கும் ஓர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயில் யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்குகிறார்கள் என்று ஒரு விவசாயி மனு கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் அதே ஏரியின் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்தார். கல்லூரி ஆசிரியை ஒருவர், அங்கே வரும் பறவைகளின் பட்டியலோடு வந்தார். மூவருக்கும் அந்த ஏரி என்றால் உயிர். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது.

அக்கா யாரிடமும் கேட்கவில்லை. தாள்களில் இருந்த போன் நம்பர்களைப் பார்த்து வாட்ஸ்அப்பில் 'நம்ம ஏரி' என்று குரூப் போட்டுவிட்டார். பத்திரிகையில் எழுதும் குற்றத்துக்காக என்னையும் சேர்த்தார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவர், ஏரி இருப்பது அவர் மாமியார் ஊரில் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே இழுக்கப்பட்டார்.

முதல் வாரம் குரூப் சந்தைக்கடையாக இருந்தது. விவசாயி குரல் பதிவு மட்டும்தான் அனுப்புவார். அதில் அவரைவிட எருமை அதிகம் பேசும். சர்வேயர் 'சரி' என்று சொல்வதற்கே 'ஐயா, பொருள் தொடர்பாக' என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் விடிந்தால் போதும், ரோஜாப்பூவோடு காலை வணக்கம்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "வணக்கம் போடுறவங்க கால்வாயாண்ட நின்னு போட்டோ எடுத்துப் போடுங்க. ரோஜாப்பூ போட்டா தூக்கிடுவேன்!"

வணக்கம் சொல்லாமல் இருக்க முடியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? முறை வைத்துக்கொண்டு தினமும் கால்வாய்க்குக் கிளம்பினார்கள்.

விவசாயியின் மனுமேல் தாலுகா ஆபீஸில் விசாரணை நாள் வந்தது. குரூப் மொத்தமும் போனோம். இடிபாடு கொட்டியவரின் ஆள் அதிகாரி முன்னால் அடித்துச் சொன்னார்: "அங்க கால்வாயே கிடையாதுங்க. எப்பவுமே மேடுதான்."

சர்வேயர் வரைபடத்தை விரித்தார்.

"அது அந்தக் காலத்து மேப்புங்க. எப்பவோ தூர்ந்துபோச்சு."

விவசாயியின் முகம் செத்துவிட்டது. கால்வாய் அடைபட்டால் அந்த மழைக்கு ஏரி நிரம்பாது. எருமைகளை விற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

அப்போது அக்கா ஒரு கட்டுத் தாளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். அத்தனையும் காலை வணக்கங்கள். தேதிவாரியாக, கலரில்.

அதிகாரி புரட்டினார். முதல் படத்தில் நாணல் முளைத்த கால்வாய். அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு இடிபாடு. நாலைந்து தாள் தள்ளி, இடுப்பளவு. கடைசிப் படத்தில் தறிக்காரரையே காணோம். மேட்டுக்குப் பின்னாலிருந்து கும்பிட்ட கைகள் மட்டும் தெரிந்தன. அதிகாரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"எப்பவுமே மேடுன்னியே, இது இன்னாபா தினம் தினம் வளர்ந்துக்கினு இருக்குது?" என்றார் அக்கா.

மறுவாரமே பொக்லைன் வந்து கால்வாயைத் தோண்டிவிட்டது. அடுத்த மழைக்குத் தண்ணீர் திமிறிக்கொண்டு வந்து ஏரியில் விழுந்தது. குரூப் மொத்தமும் கரையில் நின்று கைதட்டியது. சர்வேயர் விசிலடித்தார், பறவைகள் பறந்துவிட்டன என்று ஆசிரியை அவரைத் திட்டினார்.

வேலைநாளில் கடையைப் பூட்டிவிட்டு அக்காவும் வந்திருந்தார். அவர் அந்த ஏரியைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் சத்தம் எதுவும் காதில் விழாமல், வாயில் கைவைத்து நின்றார்.

"எம்மாம் பெருசு சார்!" என்றார் மெதுவாக. "பேப்பர்ல சின்னதா இருந்துச்சு."

அந்த முகத்தை ஒரு படம் எடுத்தேன். குரூப்பில் போட மனசு வரவில்லை, என்னிடமே வைத்திருக்கிறேன்.