டேஷ்போர்டுக்குள் ஒரு ‘ஹவ்’

கார் டேஷ்போர்டில் வரும் கடகடச் சத்தத்தை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மெக்கானிக்கிடம் விடுவது. இன்னொன்று, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பது. புத்தியுள்ளவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான் மூன்றாவதாக ஒரு வழியில் போனவன். அதாவது, நானே கழற்றினேன்.

மென்பொருள் நிறுவனத்தில் எனக்குச் சோதனை பார்க்கும் வேலை. அடுத்தவர்கள் கட்டியதில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். (சொந்தமாக எதையும் கட்டவேண்டியதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் சுகம்.) விருதுநகரிலிருந்து ஹைதராபாத் வந்து, கொண்டாப்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மனைவி மாலதிக்கு உப்பலில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. கொண்டாப்பூர் ஊரின் ஒரு கோடி என்றால் உப்பல் மறு கோடி. மாலதி, தானே காரோட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

இது சாதாரண அறிவிப்பு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் விருதுநகரில் அவள் கார் பழகியபோது, பயிற்சிப் பள்ளியின் வண்டி ஒரு கரும்புச்சாறு கடைக்குள் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவில் நடந்து போனால்கூட கடைக்காரர் எழுந்து மிஷினைப் பிடித்துக்கொள்வாராம். அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடாதவள், இத்தனை வருஷம் கழித்து மறுபடி பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தாள். சைனிக்புரியில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ராணுவத் தமிழரிடம் அவருடைய பழைய காரை வாங்கினோம். வண்டியில் எல்லாம் நன்றாக இருந்தது, அந்தச் சத்தத்தைத் தவிர.

அது மற்ற கார்களில் வருகிற சத்தம் மாதிரி இல்லை. வேகமாகப் போனால் கடகடவென்றது, சரி. வண்டி நின்றால் உள்ளேயிருந்து ஒரே ஒரு ‘டொக்’. இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், சிறிது நேரம் கழித்து, யாரோ புரண்டு படுப்பது போல இன்னொன்று. எங்கள் மகள் கயல் ஏழாம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ஹைதராபாத் பிள்ளை. அவள்தான் முதலில் சொன்னாள்: “அப்பா, லோபல எவரோ உன்னாரு.” உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மாலதிக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் நடுரோட்டில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பின்னால் வருகிறவர்கள் மூன்று மொழிகளில் திட்டிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். வெள்ளிக்கிழமை அவள் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“சத்தம் வந்தா ஏதோ கழண்டு விழப்போகுதுன்னு கால் நடுங்குதுங்க. இந்தத் தடவையும் விட்டேன்னா இனிமே ஜென்மத்துக்கும் தொடமாட்டேன். எனக்கே தெரியுது.”

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டிருக்க வேண்டிய நேரம் அது. நானோ, சத்தம்தானே, நாளைக்குள் நிறுத்திக்காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் எங்கள் குடியிருப்பின் தரைக்கடியிலுள்ள பார்க்கிங்கில் வேலை ஆரம்பமானது. கழற்றும் முறையைக் கைபேசியில் படமாகப் பார்த்து வைத்திருந்தேன். அதில் செய்கிற ஆள் சிரித்த முகமாக, ஏதோ பலாச்சுளை எடுப்பது போல எடுத்துக்கொண்டிருந்தார். மறக்காமல் பேட்டரியைக் கழற்றினேன். (அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.) பிளாஸ்டிக் பட்டைகளை நெம்புவதற்கு மாலதியின் மரத் தோசைக்கரண்டி. கழற்றிய திருகாணிகள் கலந்துபோகாமலிருக்க இட்லித் தட்டு. ஒவ்வொரு இடத்துத் திருகாணிக்கும் ஒரு குழி என்று ஒழுங்காகத்தான் வைத்தேன். இட்லித் தட்டு வட்டமானது என்பதையும், வட்டத்தைத் திருப்பி வைத்தால் எது முதல் குழி என்று தெரியாது என்பதையும் நான் யோசிக்கவில்லை.

எங்கள் பார்க்கிங்கில் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகள். நான் இடது பக்கத்துச் சீட்டில் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டின் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையாமல் பார்த்தேன் போல. விளக்கு அணைந்துவிட்டது. கும்மிருட்டு. மேலே எங்கேயோ தண்ணீர்க் குழாயில் ஒரு முனகல். மூச்சுவிடும் சத்தம் கேட்டது, என்னுடையதுதான் என்று சொல்லிக்கொண்டேன். அப்போது யாரோ என் நெற்றியில் மெதுவாகத் தட்டினார்கள்.

காலைத் தூக்கி ஆட்டினேன், விளக்கு எரிந்தது. ஒயர் ஒன்றில் தொங்கிய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி என் நெற்றிக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. சோப்பு டப்பா அளவு. அதுதான் இத்தனை நாளாக உள்ளே இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் இன்னொரு ஒயர் முனை அறுந்த மாதிரி தனியாகத் தொங்கியது. இது ஏதோ காரின் முக்கியமான உறுப்பு, இது கழன்றிருப்பதால்தான் வண்டிக்கே இந்த நிலைமை என்று முடிவு செய்தேன். அந்த முனைக்குப் பொருந்துகிற இடமாக ஒன்றைத் தேடிப்பிடித்துச் செருகினேன். பெட்டி இனி அசையாதபடி சுற்றிலும் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அடைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது இட்லித் தட்டின் குழிகளில் பாதி காலியாகவில்லை. கம்பெனிக்காரன் தேவைக்கு மேல் போட்டிருப்பான் என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, அலுவலகம் போகும் வழியை ஒத்திகை பார்ப்பதற்காக மாலதி உப்பலுக்கு ஓட்டினாள். நான் பக்கத்தில், கயல் பின்னால். சத்தமே இல்லை. பள்ளத்தில் இறங்கினாலும் இல்லை, வேகத்தடையில் ஏறினாலும் இல்லை. மாலதியின் தோள்கள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். பாதி தூரத்தில் அவள் லேசாகப் பாடக்கூடச் செய்தாள். உலகத்தில் என்னைப் போல ஒரு கணவன் உண்டா என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்: “நேராத்தானே போகணும்?”

“ஹவ்.”

ஹைதராபாத்தில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். காய்கறிக்காரர் முதல் டாக்டர் வரைக்கும் சொல்வார்கள். ஆனால் நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அதுவும் அவ்வளவு அடித்தொண்டையில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலச் சொல்வதே இல்லை.

மாலதி என்னைப் பார்த்தாள். நான் கயலைப் பார்த்தேன். கயல் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல் விழுந்ததும் மாலதி வண்டியை எடுத்தாள். பிறகு ஒரு பேருந்துக்காக வண்டியை மெதுவாக்கி, “நீங்களா பேசுனீங்க?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் “ஹவ்” என்று பதில் வந்தது. எனக்கு முதுகில் வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு மூத்த ஆம்பிளை என்ற முறையில் நான் குனிந்து, டேஷ்போர்டைப் பார்த்து, யாரது என்று கேட்டேன். பதில் இல்லை. தெலுங்கில் கேட்டேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். என்னை அது மதிக்கவே இல்லை. மாலதி அடுத்த வேகத்தடையில் பிரேக்கை அழுத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போலக் கேட்டாள்.

“உள்ள இருக்கீங்களா?”

“ஹவ்.”

கயல் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் அப்போதே சொன்னேனே என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். வண்டியை ஓரமாக நிறுத்து என்று நான் சொன்னேன். மாலதி நிறுத்தவில்லை. இப்போது நிறுத்தினால் மறுபடி எடுக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வெயிலடிக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஷட்டர் போட்ட பட்டறைகளுக்கு நடுவே, நாங்கள் நான்கு பேராகப் போய்க்கொண்டிருந்தோம்.

உப்பலில் அவளுடைய கம்பெனிக்குத் திரும்பும் முனை. இடது பக்கம் ஒரு நீளமான சுவர், எதுவும் தெரியாது. அவள் வண்டியை நிறுத்தி, “அந்தப் பக்கம் வண்டி எதுவும் வருதா?” என்று கேட்டாள்.

நான் பஞ்சு வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு, “ஒண்ணும் வரல, போ” என்றேன்.

“ஹவ்” என்றது டேஷ்போர்டு.

அவள் கால் பிரேக்கைவிட்டு லேசாக எழுந்தது, வண்டி ஒரு முழம் நகர்ந்தது, பிறகு மொத்த பலத்தோடு மறுபடி மிதித்தாள். சுவரை ஒட்டி ஒரு தண்ணீர் லாரி, ஹாரன்கூட அடிக்காமல், எங்கள் முகப்பை உரசுகிற மாதிரி கடந்து போனது. அது சிந்திய தண்ணீர் கண்ணாடியில் அடித்தது. அதே குலுக்கலில், என் சட்டைப்பைத் திருகாணிகள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத காரணத்தால், இடது பக்க டேஷ்போர்டு முழுசாகக் கழன்று என் மடியில் உட்கார்ந்தது. ஏசி மூடி கயலின் காலடிக்குப் போனது. பஞ்செல்லாம் உதிர்ந்து, அந்தக் கறுப்புப் பெட்டி வெளியே வந்து ஒயரில் ஆடியது. மாலதியின் கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.

“ஹவ்” என்றது பெட்டி.

மாலதி அதைப் பார்த்து, “ரொம்ப நன்றிங்க” என்றாள். பிறகு, என் பக்கம் திரும்பாமல், ஸ்டியரிங்கை ஓரமாகத் திருப்பினாள்.

ஓரமாக நிறுத்தியதும் சைனிக்புரிக்காரருக்குப் போன் செய்தேன். சார், வண்டிக்குள் ஏதாவது பெட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். மறுமுனையில் அவர் ஒருமுறை செருமினார். பிறகு, அதே அடித்தொண்டைக் குரலில், “ஹவ்” என்றார்.

கைபேசி என் கையைவிட்டு மடியிலிருந்த டேஷ்போர்டின் மேல் விழுந்தது. எடுத்து மறுபடி காதில் வைத்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷ ஹைதராபாத்வாசி, அவருக்கு ஆமாம் என்றாலே அப்படித்தான் வரும். பூஜையறைகளில் வைப்பார்களே, ஓயாமல் மந்திரம் சொல்லும் பெட்டி, அதுவாம். அவருடைய மனைவி அதைக் காருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பொருத்தச் சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டுவாராம். அந்த அம்மா இறந்தபின் அவருக்கு அதைக் கேட்க மனசில்லை. ஒயரை அவரே பிடுங்கிவிட்டிருக்கிறார்.

“அது பேசுதா?” என்று கேட்டார். பேசுகிறது என்றேன். “உங்க வீட்டம்மாதான் ஓட்டுறாங்களா?”

“ஹவ்” என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது.

“அப்ப சரி” என்று போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே ஒரு மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டி, பெட்டியைத் தனியாக எடுத்துத் தந்தார். நான் விடவில்லை, உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்தேன். பெட்டியின் ஒயரை நான் பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரில் செருகியிருக்கிறேன். பிரேக்கை மிதித்தால் அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போகும், அதுவும் ஒயர் சரியாக ஒட்டுகிற சமயத்தில் மட்டும். மந்திரத்தின் முதல் சொல்லான ‘ஓம்’ என்பதைச் சொல்வதற்குள் மூச்சு நின்றுவிடும், அந்த அரைகுறை ‘ஓம்’தான் எங்கள் காதில் ‘ஹவ்’ என்று விழுந்திருக்கிறது. மாலதியோ பயத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டாள். அவ்வளவுதான் விஷயம். தாளில் படம் போட்டு அவளுக்கு விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“லாரி வந்தப்ப ஒண்ணும் வரலைன்னு சொன்னீங்களே, உங்களுக்கு எந்த ஒயர் கழண்டிருந்துச்சு?”

பெட்டிக்குச் சரியான மின்சாரம் கொடுத்து வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தோம். மணி மணியாக, பெண் குரலில், கணீரென்று மந்திரம் சொன்னது. மெதுவாக ஓடினால் எந்தக் குரலும் கட்டையாகத்தான் கேட்கும் என்றேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெட்டி இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

மாலதி திங்கட்கிழமை தனியாக உப்பலுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் அப்பீல் உண்டு. மழை வராது என்று சொன்னால் கயல் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் தட்டி, மழை வருமா என்று கேட்பாள். பிறகு அவளே அடித்தொண்டையில் “ஹவ்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொள்வாள். விருதுநகரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் கதை முழுக்கத் தெரியும்.

போன மாதம் எனக்கு உப்பல் பக்கம் ஒரு வேலை. மாலதியோடு போகலாமென்று இடது பக்கக் கதவைத் திறந்தேன். அவள் தலையை ஆட்டி, பின்சீட்டைக் காட்டினாள். முன்சீட் காலியாகத்தானே இருக்கிறது என்றேன்.

“நீங்க முன்னாடி உக்காந்தா அது பேசமாட்டேங்குது” என்றாள்.

பெட்டி என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. சிரிக்கிறாளா என்று குனிந்து முகத்தைப் பார்த்தேன். அவள் பிரேக்கில் கால் வைத்து, ரோட்டைப் பார்த்துக் காத்திருந்தாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.