ஒன்பதாவது அடியில் பிடித்த இடுப்பு

உடம்பைப் பற்றி அரைகுறையாகப் படித்தவன் அந்த உடம்பைச் சும்மா விடமாட்டான். நான் விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தா வேலை. மூட்டை வராத நேரத்தில் பழைய உடற்கூற்றுப் புத்தகம் ஒன்றை வைத்து எலும்புகளை எண்ணுவேன். மொத்தம் இருநூற்றாறு. (ஒருமுறை இருநூற்றைந்துதான் வந்தது. இரண்டு நாள் தூக்கமில்லை.)

சுமை தூக்குபவர்கள் மூட்டையோடு முழங்காலை மடக்கிக் குடுகுடுவென்று ஓடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரி காசிம் பாயிடம் போனேன்.

"பாய், எலும்பு என்பது தூண். தூண் வளையலாமா? காலை விறைப்பாக வைத்து மெல்ல நடக்கச் சொல்லுங்கள்."

"நைனா, மூட்டையோட ஓடிகினே இருக்கணும். நின்னா அது உன்ன அமுக்கிடும்."

"நான் நடந்து காட்டுகிறேன்."

"இன்னாத்துக்கு பேஜாரு? சாயங்காலம் பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னியே!"

சொல்லியிருந்தேன்தான். அதற்கு முன் ஐந்து இடம் தட்டிப்போயிருந்தது. இது ஆறாவது. அம்மா இதற்கு மேல் ஏழாவது இடம் தேடமாட்டேன் என்று அறிவித்திருந்தாள். இத்தனையும் தெரிந்தே முதுகைக் கொடுத்தேன்.

இரண்டு பேர் மூட்டையை ஏற்றினார்கள். மூட்டை நூற்று அறுபது பவுண்டு, நான் நூற்றுப் பதினொன்று. முழங்காலை விறைத்துக்கொண்டு எட்டு அடி வைத்தேன். ஒன்பதாவதில் இடுப்பில் 'தடக்' என்றது. மூட்டை என் தலைக்கு மேலாக இறங்கிப் போய்விட்டது. நான் மட்டும் குனிந்தபடியே நின்றேன்.

"நிமிரு நைனா."

"முடியவில்லை."

"தூணு வளைஞ்சிடுச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். பதினான்கு பேர் சிரித்தார்கள். குனிந்திருந்ததால் கால்களைத்தான் எண்ண முடிந்தது. இருபத்தெட்டு.

"ஏண்டா, இன்னிக்கா?" என்று வீட்டில் தலையில் அடித்துக்கொண்ட அம்மா, சாயங்காலம் அப்படியே என்னை ரிக்‌ஷாவில் ஏற்றித் தண்டையார்பேட்டைக்குக் கொண்டுபோனாள். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுபவர். வாசலிலேயே மடங்கி நின்ற என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"ரொம்பப் பணிவான பையன்," என்றாள் அம்மா.

கால் மணி நேரம் ஆகியும் பணிவு தீரவில்லை. பெண் காப்பி கொண்டுவந்தாள். எனக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள். (பாதத்துக்கு இருபத்தாறு எலும்பு. எண்ணாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.)

"நைனா," என்று அப்பாவைக் கூப்பிட்டது பாதங்களுக்கு மேலிருந்து ஒரு குரல். "கூனு பரம்பரையா வருமான்னு கேளு."

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கூன் இல்லை. எலும்பிலும் பழுதில்லை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. குனிய வைக்க முன்னால் ஒரு கூட்டம் இழுக்கும், நிமிர்த்தப் பின்னால் ஒரு கூட்டம் இழுக்கும். ஒன்று இழுத்தால் மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போது இரண்டும் விடமாட்டேன் என்கின்றன."

"எதுனால?" என்றார் அப்பா.

"காலையில் மூட்டை தூக்கினேன்."

"குமாஸ்தாவா? எதுக்கு?"

"தூக்குபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க."

அந்தப் பத்துக் கால்விரல்களும் ஒரே நேரத்தில் சுருங்கின. சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிந்தது. பிறகு அடக்கவில்லை.

அப்பாவும் சிரித்துவிட்டார். "அந்தம்மா பணிவுன்னுச்சு. நீ உள்ளத சொல்லிட்ட. இத்த விட இன்னா வோணும்? எனக்கு சம்மதம்பா."

நிமிரப் பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் வந்து நேராக நின்று காட்ட வேண்டும் என்பது பெண்ணின் உத்தரவு. போய் நின்றேன். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தாள்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் இதைச் சொல்லாமல் காப்பி தருவதில்லை. நேற்று வந்த மின்சார ரீடிங்காரரிடமும் சொன்னாள்:

"மொதல்ல இவரு உச்சந்தலயத்தான் பாத்தேன். முடி நெறைய இருந்துச்சு, சரின்னுட்டேன். பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் மூஞ்சியக் காட்டுனாரு. அதுக்குள்ள எங்க நைனா வாக்கு குடுத்துட்டாரே, இன்னா பண்றது!"